ஆகஸ்ட் 6-க்கும் நவம்பர் 1-க்கும் நடுவே

ஆகஸ்ட் பிறந்தால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஹிரோஷிமா நாள் வந்துவிடும். காலையில் உறுதிமொழி, அப்புறம் ஊர்வலம், மதியம் பட்டிமன்றம். தலைப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: அணுகுண்டு வீசியது போரை முடிக்கத் தேவையான செயலா, மன்னிக்க முடியாத குற்றமா? நடுவராக உட்காரச் சொல்லி என்னையும் சில சமயம் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் நன்றாகவே பேசுகிறார்கள். ஆனால் இருந்தது இரண்டே வழிதான் என்று இரண்டு அணியும் ஒப்புக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குகின்றன. ஒன்று குண்டு, இல்லாவிட்டால் ஜப்பானுக்குள் படையிறக்கம். படையிறக்கினால் பத்து லட்சம் சாவு, குண்டுக்கு இரண்டு லட்சம். இப்படிப் பந்தி விரித்துவிட்டால் குண்டு அணி உட்கார்ந்தபடியே ஜெயித்துவிடும். எதிரணிக்குக் கண்ணீர்தான் மிச்சம்.

தேதிகளைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. கியூஷு தீவில் படையிறக்க அமெரிக்கா குறித்திருந்த நாள் 1945 நவம்பர் 1. குண்டு விழுந்தது ஆகஸ்ட் 6. நடுவில் 87 நாள் இருக்கிறது. "குண்டா, படையிறக்கமா, உடனே சொல்" என்று ஆகஸ்ட் முதல் வாரத்தில் யாரும் யாரையும் நெருக்கவில்லை. அந்த 87 நாளில் வேறு என்ன செய்து பார்த்திருக்கலாம், ஒவ்வொன்றுக்கும் யார் உயிரைக் கொடுத்திருப்பார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

படையிறக்கத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அது மோசமான வழி என்பதில் இரு தரப்புக்கும் சந்தேகம் கிடையாது. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை நடந்த ஒக்கினாவா சண்டையில் அமெரிக்கர்கள் சுமார் 12,000 பேர் செத்தார்கள். ஜப்பானியப் படையில் அதைப்போலப் பல மடங்கு. ஊர் ஜனங்கள் ஒரு லட்சம் பேர் அளவுக்கு. கியூஷுவில் அதைவிட மோசமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மேடையில் உருட்டப்படும் அந்தப் பத்து லட்சத்தை மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 1945 ஜூனில் ராணுவத் திட்டக் குழு ஒன்று கணக்கிட்ட அமெரிக்க உயிரிழப்பு 25,000 முதல் 46,000 வரை. பெரிய மதிப்பீடுகளும் அப்போது இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. இருந்தாலும் பத்து லட்சம் என்ற எண் பரவியது, போர்த்துறைச் செயலராக இருந்த ஹென்றி ஸ்டிம்சன் 1947-இல் எழுதிய பத்திரிகைக் கட்டுரையால்தான். குண்டுக்கு எதிராக அமெரிக்காவிலேயே முணுமுணுப்பு கிளம்பிய பிறகு எழுதியது அது. அதிலும் செத்தவர், காயம்பட்டவர் எல்லாரையும் சேர்த்துத்தான் அந்த எண்.

அடுத்தது முற்றுகை. குண்டு எதிர்ப்பு அணியில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருவர் இருந்தால் இதைக் கையில் எடுப்பார்: "படையும் இறக்க வேண்டாம், அணுகுண்டும் வேண்டாம், கடலை அடைத்துவிட்டுக் காத்திருந்தால் போதுமே." கைதட்டல் விழும். எனக்குக் கை எழாது. மார்ச் மாதத்திலிருந்தே பி-29 விமானங்கள் ஜப்பானின் துறைமுகங்களிலும் நீரிணைகளிலும் கண்ணிவெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தன. அந்த நடவடிக்கைக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயரே 'பட்டினி'. இன்னொரு பக்கம் ஊர்களைத் தீவைத்து எரிப்பதும் நடந்தது. மார்ச் 9 இரவு தொடங்கி விடிவதற்குள் டோக்கியோவில் மட்டும் ஒரு லட்சம் பேர் வரை கருகினார்கள். ஆக, முற்றுகை என்பது சும்மா காத்திருப்பது இல்லை. எரிப்பதும் பட்டினி போடுவதும் சேர்ந்ததுதான் அது.

பட்டினி யாரை முதலில் தின்னும் என்று நெல் விளையும் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பர்மா 1942-இல் ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. அடுத்த வருஷம் வங்காளத்தில் முப்பது லட்சம் பேர் வரை செத்தார்கள். அரிசி நின்றது காரணங்களில் ஒன்று, அரசின் அலட்சியம் இன்னொன்று. சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் கடைசி மூட்டை வரை சோறு கிடைக்கும். கிழவி, கைக்குழந்தை, அன்றாடம் காய்ச்சி என்றுதான் சாவு மேலே ஏறும். ஜப்பானில் 1945 நெல் அறுவடை மிக மோசமாக இருந்தது. சண்டை பனிக்காலம் வரை நீண்டிருந்தால் முற்றுகையின் பலி ஹிரோஷிமாவைத் தாண்டியிருக்க வாய்ப்பு உண்டு. போருக்குப் பிறகு, 1946-இல், அமெரிக்காவின் குண்டுவீச்சு ஆய்வுக் குழு ஒரு முடிவு சொன்னது: குண்டு, ரஷ்யா, படையிறக்கம் எதுவுமே இல்லாவிட்டாலும் ஜப்பான் 1945 முடிவதற்குள் நிச்சயமாகவும், நவம்பர் 1-க்குள் பெரும்பாலும் சரணடைந்திருக்கும் என்று. அந்த முடிவை ஒத்துக்கொள்ளாத வரலாற்றாசிரியர்கள் பலர். ஒத்துக்கொண்டாலும் அந்தச் சில மாதச் சாவைக் கணக்கில் எழுதித்தான் ஆக வேண்டும்.

யாருமில்லாத இடத்தில் ஒரு குண்டை வெடித்துக் காட்டியிருக்கலாமே என்பது மூன்றாவது யோசனை. சிகாகோவில் அணுத் திட்டத்தில் இருந்த விஞ்ஞானிகளே ஜேம்ஸ் ஃபிராங்க் தலைமையில் ஜூன் 11 அன்று இதை எழுதிக் கொடுத்தார்கள். பாலைவனத்திலோ பொட்டல் தீவிலோ உலக நாடுகளின் கண் முன்னால் வெடித்துக் காட்டலாம் என்று. ஓப்பன்ஹைமர், ஃபெர்மி, லாரன்ஸ், காம்ப்டன் என்ற நான்கு விஞ்ஞானிகளும் இருந்த ஆலோசனைக் குழு ஐந்தே நாளில் பதில் சொல்லிவிட்டது: போரை முடிக்கக்கூடிய செயல்விளக்கம் எதையும் எங்களால் சொல்ல முடியவில்லை. வெடிக்காமல் போனால் மானம் போகும், கையில் இருப்பதோ ஒன்றிரண்டு குண்டு, இடத்தை முன்கூட்டிச் சொன்னால் போர்க்கைதிகளைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள் என்றெல்லாம் அப்போது பேசிக்கொண்டார்கள்.

மேடையில் நன்றாக எடுபடும் யோசனைதான். ஆனால் டோக்கியோவே எரிந்தும் அசையாத போர்க்குழு, ஒரு பொட்டல் தீவில் கிளம்பிய புகையைப் பார்த்து அசைந்திருக்குமா? ஹிரோஷிமா சாம்பலான பிறகும், ஆகஸ்ட் 9 அன்று, போர் அமைச்சர் அனாமி சண்டையைத் தொடரத்தான் வாதாடினார். இருந்தும் எச்சரிக்கைக்கு ஒரு தனி மதிப்பு உண்டு; கேட்கிறவன் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய கடமை சொல்கிறவனுக்கு இருக்கிறது. இந்த இடத்தில் பிள்ளைகள் தவறாமல் புறநானூற்றுக்குப் போவார்கள். பசுக்களும் பெண்களும் நோயாளிகளும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள், அம்பு விடப் போகிறோம் என்று அறிவித்துவிட்டுப் போரிட்ட முதுகுடுமிப் பெருவழுதியைப் பற்றிய 9-ஆம் பாட்டு. அழகான மேற்கோள். ஆனால் அவர் பாண்டியர். அதே தொகுப்பில் இரண்டு பாட்டு முன்னால் தள்ளிப் பார்த்தால் நம்ம கரிகாலன் இருக்கிறார்: பகலும் இரவும் பாராமல் பகைவர் ஊரைச் சுட்டு, அந்த வெளிச்சத்தில் அழுகுரல் கேட்கக் கொள்ளையடிப்பவராக. தமிழர் போர் முழுக்க அறப்போர் என்று மார்தட்டுவதற்கு முன்னால் அந்த ஏழாம் பாட்டையும் ஒருமுறை படிப்பது நல்லது.

நான்காவது வழிதான் பட்டிமன்றங்களில் யாரும் தொடாதது. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நேச நாடுகள் 1943 ஜனவரியிலிருந்து கேட்டது நிபந்தனையற்ற சரண். அந்தச் சொல்லுக்குள் பேரரசரின் கதி என்ன என்பது மட்டும் இருட்டாகவே இருந்தது. அவரைத் தூக்கில் போடுவார்களோ என்ற பயம் ஜப்பானில் சமாதானம் விரும்பியவர்களின் வாயையும் கட்டிப்போட்டிருந்தது. பத்து வருஷம் டோக்கியோவில் தூதராக இருந்த ஜோசப் குரூ, பேரரசர் பற்றி உறுதி கொடுத்துவிடுங்கள் என்று மே மாதமே அமெரிக்க அதிபர் ட்ரூமனிடம் சொன்னார். ஸ்டிம்சனும் ஜூலையில் அதையே எழுதினார். சரணடையச் சொல்லி நேச நாடுகள் ஜப்பானுக்கு விடுத்த போட்ஸ்டாம் பிரகடனத்தின் வரைவில், இப்போதைய அரச வம்சத்தின் கீழ் அரசியல் சட்ட முடியாட்சி இருக்கலாம் என்று ஒரு வரி இருந்தது. ஜூலை 26 அன்று பிரகடனம் வெளியானபோது அந்த வரியைக் காணோம். அமெரிக்க ஜனங்கள் பேரரசர் மேல் கொதித்துப் போயிருந்தார்கள்; இளகினால் அரசியலில் அடி விழும் என்ற கணக்கு.

இதற்கு எதிராகவும் ஒரு கனமான சான்று இருக்கிறது. மறைத்தால் அது நடுவர் வேலை ஆகாது. ஜப்பானிய வெளியுறவு அமைச்சர் டோகோ, ரஷ்யாவை மத்தியஸ்தம் செய்ய வைக்க மாஸ்கோவிலிருந்த தூதர் சாட்டோவுக்கு ஜூலையில் தந்திமேல் தந்தி அடித்துக்கொண்டிருந்தார். அமெரிக்கா அதையெல்லாம் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தது. நிபந்தனையற்ற சரண்தான் சமாதானத்துக்கு ஒரே தடை என்று ஒரு தந்தி சொன்னது. ஆனால் அரச குடும்பம் தப்பினால் போதும் என்று சரணடைந்துவிடலாமே என்று சாட்டோ கேட்டதற்கு, முடியாது என்றே பதில் போனது. ராணுவத் தரப்புக்கு இன்னும் மூன்று நிபந்தனை இருந்தது: ஆயுதத்தை நாங்களே கீழே வைப்போம், எங்கள் போர்க்குற்றவாளிகளை நாங்களே விசாரிப்போம், நாட்டை நீங்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. எனவே பேரரசர் பற்றிய ஒரு வரி மட்டுமே போரை முடித்திருக்கும் என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

அதோடு ரஷ்யாவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனி விழுந்த இரண்டு மூன்று மாதத்தில் ஜப்பான் மேல் போர் தொடுப்பேன் என்று ஸ்டாலின் யால்டா மாநாட்டில் வாக்குக் கொடுத்திருந்தார். ஜெர்மனி விழுந்தது மே 8. ஆகஸ்ட் 8 அன்று ரஷ்யா போர் அறிவித்தது. ஜப்பான் கடைசியாக நம்பியிருந்த கதவு அதுதான். போட்ஸ்டாம் பிரகடனத்தில் ஸ்டாலின் கையெழுத்தும் இருந்திருந்தால் ஜூலை 26 அன்றே அந்தக் கதவு மூடியிருக்கும். பேரரசர் பற்றிய வரி ஒரு பக்கம் இழுக்க, ரஷ்யா மறுபக்கம் தள்ள, ஆகஸ்ட் நடுவில் சமாதானம் வந்திருக்கக்கூடும். ரஷ்யாவை உள்ளே விடுவதும் இலவசம் இல்லைதான். மஞ்சூரியாவில் நடந்த சாவும், துண்டான கொரியாவும் அந்தக் கணக்கில் வரும்.

கடைசியில் நடந்தது என்ன? பேரரசரின் உரிமைக்குப் பாதகம் இல்லை என்ற புரிதலோடு பிரகடனத்தை ஏற்கிறோம் என்று ஆகஸ்ட் 10 அன்று ஜப்பான் சொன்னது. பேரரசர் நேச நாட்டுத் தளபதியின் கீழ் இருப்பார் என்று மறுநாள் அமெரிக்கா பதில் சொன்னது; அவர் இருப்பார் என்பது அதிலேயே அடங்கிவிட்டது. 1989-இல் சாகும்வரை அவர் பேரரசராகவே இருந்தார். இரண்டு ஊரை எரித்த பிறகு கொடுத்ததை எரிப்பதற்கு முன்னால் கொடுக்க மறுத்தார்கள். எலிசபெத் ஆன்ஸ்கம் என்ற ஆங்கிலத் தத்துவவாதி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ட்ரூமனுக்கு 1956-இல் கௌரவப் பட்டம் கொடுத்ததை எதிர்த்தபோது இந்த நரம்பைத்தான் பிடித்தார். குற்றமற்றவர்களைக் கொல்வதை வழியாகத் தேர்ந்தெடுப்பது கொலைதான், அந்த இடத்துக்குக் கொண்டுவந்து விட்டதே நிபந்தனையற்ற சரண் என்ற பிடிவாதம்தான் என்பது அவர் வாதம்.

சரி, காத்திருப்பின் விலைக்கு வருவோம். இதை அமெரிக்கச் சிப்பாய் உயிரில் மட்டும் அளப்பதுதான் எனக்குப் புரியவே இல்லை, அதுவும் நாகப்பட்டினத்தில் நின்றுகொண்டு. இந்தத் துறைமுகத்திலிருந்துதான் தலைமுறை தலைமுறையாகப் பினாங்குக்குக் கப்பல் ஏறினோம். டெல்டாவில் மலேயாவுக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. 1942-இல் ஜப்பான் மலேயாவைப் பிடித்ததும் ரப்பர் தோட்டத்துத் தமிழர்களை லாரியில் ஏற்றிச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள், பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட. ஆசியக் கூலிகளில் மட்டும் 90,000 பேர் செத்திருக்கலாம் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. வெள்ளைக்காரக் கைதிகளின் சாவைப்போல இதற்குப் பெயர்ப் பட்டியல் கிடையாது. என் சின்னத் தாத்தா அதில் தப்பி வந்தவர். இடது முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அளவுக்குத் தோல் இழுத்துப் பளபளவென்று ஒரு தழும்பு இருக்கும். காட்டுப்புண் ஆறிய இடம். சதையைக் கரண்டியால் சுரண்டி எடுத்துத்தான் ஆற்றினார்கள் என்பார். அணுகுண்டைப் பற்றி அவரிடம் கேட்டால் ஒரே பதில்தான்: "அது விழலேன்னா என் எலும்புகூட ஊர் வந்திருக்காதுப்பா."

இதை மறுப்பது எளிதில்லை. ஆகஸ்டில் போர் முடியாமல் இருந்திருந்தால் மலேயாவை மீட்கப் பிரிட்டிஷ் தரப்பு படை இறக்கியிருக்கும். மோரிப், போர்ட் டிக்சன் கடற்கரைகளில் செப்டம்பர் 9 அன்று இறங்கத் தேதியே குறித்தாயிற்று. இறங்க வேண்டியிருந்தவர்களில் பெரும் பங்கு இந்திய டிவிஷன்கள். சரணுக்குப் பிறகு எதிர்ப்பே இல்லாமல் இறங்கியும்கூட வண்டிகள் மோரிப் சேற்றில் மாட்டிக்கொண்டன. எதிரே துப்பாக்கி இருந்திருந்தால்? செத்திருக்கப் போவது நம் சிப்பாய், பின்னால் தோட்டத்தில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த நம் ஜனம். நம் ஊர்க் கணக்கில் முதலில் வர வேண்டியது இந்தக் கடற்கரைதான். கியூஷு அதற்குப் பிறகுதான்.

ஆனால் இந்த விலை எல்லா வழிகளுக்கும் சமமாக விழாது. முற்றுகைக்கு முழுசாக விழும். வெடித்துக் காட்டுவதற்குச் சில வாரம் ஆகியிருக்கும். பேரரசர் பற்றிய வரிக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். ஜூலை 26 அன்று வெளியான அதே தாளில் அதை விட்டுவைத்திருந்தால் போதும். பலிக்காவிட்டால் குண்டு எங்கும் ஓடிப்போயிருக்காது.

இன்னொன்றும் உண்டு. சின்னத் தாத்தாவைப் போலவே பிடித்துக்கொண்டு வரப்பட்ட கொரியக் கூலிகள் ஹிரோஷிமாவில் இருந்தார்கள். பல ஆயிரம் பேர் அங்கே செத்தார்கள். மலேயாவிலிருந்து படிக்கக் கூட்டிப்போன மாணவர்களில் இருவரும் செத்தார்கள். நம் கூலியை விடுவித்த குண்டு இன்னொருவர் கூலியைக் கொன்றது.

ஹிரோஷிமாவும் ஒரு டெல்டா ஊர். ஓட்டா ஆறு கடலுக்குப் போகும் வழியில் பல கிளையாகப் பிரிந்து, அந்தக் கிளைகளுக்கு நடுவில் ஊர். பாலத்துக்குப் பாலம். குறி வைத்ததே ஒரு பாலத்தைத்தான், நடு ஊரில் இருந்த அய்யோய் பாலம். ஊரில் ராணுவத் தலைமையகம் இருந்தது உண்மை. ஆனால் குண்டை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆலோசனை சொன்ன குழு ஜூன் 1 அன்று எழுதிக்கொண்டதைப் படித்தால், தொழிலாளர் வீடுகள் சூழ்ந்த போர்த் தொழிற்சாலையைக் குறியாக வையுங்கள், எச்சரிக்கை வேண்டாம் என்று இருக்கிறது. வீடுகள் தப்பித் தவறி வந்து மாட்டவில்லை. பெண்களும் குழந்தைகளும் குறியல்ல, படைவீரர்களே குறி என்று ட்ரூமன் ஜூலை 25 நாட்குறிப்பில் எழுதியது தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டதாகத்தான் எனக்குத் தெரிகிறது.

அன்று காலை வானிலை பார்க்க வந்த விமானத்துக்குச் சங்கு ஊதினார்கள். 7:31-க்கு ஆபத்து நீங்கியது என்று அறிவித்தார்கள். ஜனங்கள் வெளியே வந்தார்கள். 12, 13 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நடு ஊரில் வேலையில் இருந்தார்கள், தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்துச் சந்து உண்டாக்கும் வேலை. 8:15-க்கு வெடித்தது. அங்கே அருங்காட்சியகத்தில் ஒரு மாணவனின் டிபன் பாக்ஸ் இருக்கிறது. மூடி நெளிந்து, உள்ளே சோறும் பார்லியும் சோயாவும் கரியாக அப்படியே நிற்கிறது. மகனின் உடலோடு தாய் அதைக் கண்டெடுத்தார். ஆண்டு முடிவதற்குள் அந்த ஊரில் செத்தவர்கள் சுமார் 1,40,000.

நாகசாகிக்கு என்னால் ஒரு வாதமும் சொல்ல முடியவில்லை. ஜூலை 25 உத்தரவிலேயே, அடுத்தடுத்த குண்டுகள் தயாரானதும் போடலாம் என்று இருந்தது. தனியாக யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. 11-ஆம் தேதிக்கு இருந்ததை மழை வரும் என்று 9-க்கு முன்தள்ளினார்கள். ஹிரோஷிமாவில் விழுந்தது அணுகுண்டுதானா என்று பார்க்க ஜப்பானிய இயற்பியலாளர் நிஷினா அங்கே போய்ச் சேர்ந்ததே 8-ஆம் தேதி. 9 விடியும்போது ரஷ்யப் படை மஞ்சூரியாவுக்குள் இருந்தது. டோக்கியோவில் போர்க்குழுவின் ஆறு பேர் கூடிப் பேசிக்கொண்டிருந்தபோதே நாகசாகிச் செய்தியும் வந்தது. பேரரசர் பற்றிய நிபந்தனை மட்டும் போதுமா, ராணுவத்தின் மூன்றும் வேண்டுமா என்பதில் மூன்றுக்கு மூன்று என்றிருந்த பிளவு அதற்குப் பிறகும் மாறவில்லை. அன்று இரவு பேரரசர் தலையிட்டுத்தான் முடிந்தது. மறுநாள் ட்ரூமன், என் உத்தரவு இல்லாமல் இனி ஒன்றும் போடக் கூடாது என்று நிறுத்தினார். பத்தாம் தேதி நிறுத்த முடிந்தவருக்கு ஏழாம் தேதியும் முடிந்திருக்கும்.

ஜப்பானைச் சாய்த்தது குண்டா ரஷ்யாவா என்று கேட்டால் பேரரசரே இரண்டு பதில் வைத்திருந்தார். ஆகஸ்ட் 15 வானொலிப் பேச்சில் கொடிய புதுக் குண்டைச் சொன்னார். இரண்டு நாள் கழித்துப் படைவீரர்களுக்கு விடுத்த ஆணையில் ரஷ்யாவைச் சொன்னார், குண்டைச் சொல்லவில்லை.

என் தீர்ப்பு இதுதான்: முதலில் பேரரசர் பற்றிய வாக்கு, கூடவே ஸ்டாலின் கையெழுத்து, அதுவும் பலிக்காவிட்டால் வெளிப்படையான எச்சரிக்கை. இந்த மூன்றையும் முயலாமல் ஊரின் நடுவில் போட்டது குற்றம். சின்னத் தாத்தா இருந்திருந்தால் ஒத்துக்கொள்ளமாட்டார், தெரியும்.

இது பழைய கதை மட்டுமில்லை. முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று இந்தியா சொல்லிவைத்திருக்கிறது, நல்லது. ஆனால் நம் மேல் விழுந்தால் பதிலடி மிகப் பெரிதாக இருக்கும், தாங்க முடியாத சேதம் விளைவிக்கும் என்பதும் 2003-இல் அறிவித்த அதே கொள்கையில் இருக்கிறது. அந்தச் சேதம் எந்த ஊரின் டிபன் பாக்ஸ்களில் விழும் என்று எந்தப் பட்டிமன்றத்திலும் கேட்டதில்லை. வேதாரண்யத்தில் 1930-இல் உப்பு அள்ளிக் கைதான ராஜாஜி, 1962-இல் 83 வயதில் வாஷிங்டன் போய் கென்னடியைப் பார்த்து அணுச் சோதனைகளை நிறுத்தச் சொன்னார். டெல்டாப் பிள்ளைகள் மேற்கோள் தேடினால் அதையும் எடுக்கலாம்.

இந்த வருஷம் பேசப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குண்டு அணியில் பெயர் வந்தால் பத்து லட்சத்தை விட்டுவிட்டு மோரிப் கடற்கரையை எடுங்கள். எதிரணிக்கு அங்கேதான் திணறும். எதிரணியில் வந்தால் முற்றுகையைத் தொடாதீர்கள், மாட்டிக்கொள்வீர்கள். ஜூலை 26-இல் காணாமல் போன அந்த ஒரு வரியைக் கேளுங்கள்.